அப்பாவின் கல்ச்சர் அறிக்கையில் வரிசையாக ‘ஆர்’: அன்று நான் மாத்திரையை நிறுத்தச் சொன்னதுதான் காரணமா?

மூத்தமகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 68. குடல் அடைப்புக்காக அறுவை சிகிச்சை செய்தார்கள். அது நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் மூச்சு சீராகாததால் வென்டிலேட்டரிலேயே வைத்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் ஏறியது, இரத்த அழுத்தம் இறங்கியது. இரத்தமும் மூச்சுக்குழாய்ச் சளியும் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. கிளெப்சியெல்லா நிமோனியே என்று கிருமியின் பெயர். அதன் கீழே பதினான்கு மருந்துகள். செஃப்ட்ரியாக்சோன் ‘ஆர்’, பிப்பராசிலின்-டாசோபாக்டம் ‘ஆர்’, அமிகாசின் ‘ஆர்’, மெரோபெனெம் ‘ஆர்’. இப்படியே இறங்கிக்கொண்டு போகிறது. கடைசியில் கொலிஸ்டின் என்ற ஒன்றுக்கு நேரே மட்டும் ‘ஐ’.

‘ஆர்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மடங்காது என்று மருத்துவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து ஒரு நினைவு என்னை விடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்குத் தொண்டையில் புண் வந்து, ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. “போதும் அப்பா, வயிறு கெடுகிறது, நிறுத்திவிடுங்கள்” என்று சொன்னவன் நான்தான். “அன்றைக்கு முழுவதும் சாப்பிட்டிருந்தால் இன்றைக்கு மருந்து கேட்டிருக்கும்” என்று சித்தப்பா நேற்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நான் பதில் பேசவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உண்மை அதுதானா?

நுண்ணோக்கி எழுதியது:

தம்பி, நான் 19 ஆண்டுகளாக நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

அந்த ‘ஆர்’ எப்படி வருகிறது என்று சொல்கிறேன், அப்போது உங்களுக்கே புரியும். இரத்தப் புட்டியில் கிருமி வளர்ந்ததும் அதில் ஒரு துளியைத் தட்டில் இழுத்துவிட்டு இரவு முழுவதும் அடைகாப்புப் பெட்டியில் வைப்போம். காலையில் எடுத்துப் பார்த்தால் கிளெப்சியெல்லா இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று, மேடுமேடாக நிற்கும். கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் சில வேளை பாகு போல இழை கட்டிக்கொண்டு வரும். அந்தக் கிருமியை வேறொரு தட்டு முழுக்கப் பூசி, மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை மேலே பதித்து, மறுபடியும் ஓர் இரவு காத்திருப்போம். மருந்துக்கு மடங்கும் கிருமியாக இருந்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். அளவுகோலை வைத்து அந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்போம். மெரோபெனெமுக்கு 23 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘எஸ்’, அதாவது கிருமி மருந்துக்கு மடங்கும் என்று போடலாம். வட்டமே விழாவிட்டால் ‘6’ என்று எழுதுவோம். அது வில்லையின் அகலம், அவ்வளவுதான். மருந்து இருப்பதைக் கிருமி பொருட்படுத்தவே இல்லை, வில்லையின் விளிம்பு வரை வளர்ந்து வந்து நிற்கிறது என்று பொருள். ஒரே தட்டில் ஆறு வில்லைக்கும் ‘6, 6, 6’ என்று எழுதும் நாட்கள் எனக்கு உண்டு. அப்போதெல்லாம் அந்தத் தாள் போய்ச் சேரப்போகும் வீட்டை நினைத்துக்கொள்வேன்.

இப்போது கவனியுங்கள். எதிர்ப்புத்திறன் பெற்றது உங்கள் அப்பாவின் உடம்பு அல்ல, அந்தக் கிருமி. “அவருக்கு மருந்து கேட்கவில்லை” என்று பேசிப் பேசி நாமே குழம்பிவிட்டோம். அவரைத் தாக்கிய அந்தக் குறிப்பிட்ட கிளெப்சியெல்லாவுக்குத்தான் மருந்து கேட்கவில்லை. இன்னொன்றையும் சொல்கிறேன். மெரோபெனெமைச் சிதைக்கும் நொதியை ஒரு கிருமி மூன்று நாள் தொண்டை மாத்திரையைப் பார்த்துப் புதிதாகத் தயாரித்துவிடாது. அதற்கான மரபணு ஏற்கெனவே எங்கோ இருக்கிறது, கிருமியிலிருந்து கிருமிக்குக் கைமாறுகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் நம் குடலில் வாழும் கிருமிகளில் எதிர்ப்புள்ளவை பெருகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விளைவு முதல் மாதத்தில் அதிகமாக இருந்து படிப்படியாகக் குறையும். ஓராண்டு வரை அதன் சுவடு தெரியலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் சொல்வது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கதை.

கொலிஸ்டினுக்கு ‘ஐ’, அதாவது இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை என்று இருப்பதைக் கண்டு கூடுதலாகப் பயப்பட வேண்டாம். பல ஆய்வுக்கூடங்கள் பின்பற்றும் அமெரிக்க நெறிமுறையில் 2020 முதல் அந்த மருந்துக்கு ‘எஸ்’ என்ற வகையே கிடையாது. மிக நல்ல முடிவு வந்தாலும் ‘ஐ’ என்றுதான் எழுத முடியும்.

மூத்தமகன் எழுதியது:

அக்கா, இதைப் படித்துவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன். நன்றி. ஆனால் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கிருமி வலுத்துவிடும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோமே, அது பொய்யா? எங்கள் அப்பாவின் உடம்பில் அந்தக் கிருமி எங்கிருந்துதான் வந்தது?

வார்டு மருத்துவர் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் பொது மருத்துவப் பிரிவில் பணிபுரிகிறேன்.

அந்தக் கருத்துக்கு நெடிய வரலாறு உண்டு. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்து எடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். காசநோய்க்கு இன்றும் அது அப்படியே பொருந்தும். பல மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய நோய் அது. நடுவில் விட்டால் நோயும் திரும்பும், எதிர்ப்பும் உருவாகும். காசநோயாளி ஒருவர் இதைப் படித்தால் தயவுசெய்து ஒரு வேளை மருந்தைக்கூட விட்டுவிடாதீர்கள்.

ஆனால் கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளின் கதை வேறு. இவை நம் குடலில் நோய் எதுவும் தராமல் குடியிருப்பவை. தொண்டைக்கோ சிறுநீருக்கோ மருந்து சாப்பிடும் ஒவ்வொரு நாளும் அந்த மருந்து குடலிலுள்ள கோடிக்கணக்கான கிருமிகள் மீதும் படுகிறது. மடங்குபவை சாகின்றன, மடங்காதவை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நாட்கள் கூடக் கூட இந்த வடிகட்டலும் கூடுகிறது. அதனால்தான் தேவையான அளவுக்குக் குறுகிய காலம் கொடுப்பதே நல்லது என்ற பக்கம் மருத்துவம் நகர்ந்துகொண்டிருக்கிறது. இரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிகளுக்கே 7 நாள் சிகிச்சை 14 நாள் சிகிச்சையைவிடத் தாழ்ந்ததல்ல என்று 2024இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. 7 நாடுகளின் 74 மருத்துவமனைகள், 3,608 நோயாளிகள். நான் படித்த காலத்தில் 14 நாளுக்குக் குறைத்துக் கொடுத்திருந்தால் பேராசிரியர் கேள்வி கேட்டிருப்பார்.

நேர்வழி எழுதியது:

டாக்டர், மன்னிக்க வேண்டும், இதைப் பொதுவெளியில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளைக்கே பத்துப் பேர் “காய்ச்சல் விட்டது, நிறுத்திவிடலாம்” என்று மீதி மாத்திரையை அலமாரியில் வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை யாருக்காவது சளி பிடித்தால் அதை எடுத்துக் கொடுப்பார்கள். சளிக்கு வைரஸ் காரணம், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நாங்கள் “முழுவதும் சாப்பிடு” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே ஒரு தலைமுறை ஆகிவிட்டது. நான் பள்ளி ஆசிரியர். இப்போது எதைச் சொல்லிக் கொடுப்பது?

வார்டு மருத்துவர் எழுதியது:

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. நான் சொன்னதை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். எழுதிக் கொடுத்த நாட்கள் வரை சாப்பிடுங்கள். முன்னதாகவே குணமாகிவிட்டால் நிறுத்தலாமா என்று அவரிடமே கேளுங்கள். மீதியைச் சேர்த்து வைக்காதீர்கள், பிறருக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

ஆனால் உண்மையை மறைத்து ஒழுக்கத்தைக் காப்பாற்ற முடியாது. பாரத்தை எல்லாம் நோயாளியின் தலையில் ஏற்றிவிட்டு, தேவையில்லாமல் எழுதிக் கொடுத்த எங்கள் பேனாவை மறந்துவிட்டோம். சிறுநீரில் கிருமி இருக்கிறது என்று தாளில் வந்தாலே, எரிச்சலும் இல்லை காய்ச்சலும் இல்லை என்றாலும், மருந்து எழுதியவர்கள் நாங்கள். நானும் எழுதியிருக்கிறேன். முதியவர்கள் பலருக்குத் தொல்லை எதுவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். கருவுற்றவர்கள், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அதற்கு மருந்து தேவையில்லை. இந்த மகன் மூன்றாம் நாள் நிறுத்தச் சொன்னதற்காக இன்று குற்றவாளியாக நிற்கிறார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

இரவுப்பணி எழுதியது:

எங்கிருந்து வந்தது என்று தம்பி கேட்டதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் கைகளில் வந்திருக்கலாம்.

இரவு மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படுக்கையில் இருப்பவருக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். நான்காம் படுக்கையின் வென்டிலேட்டர் அலறுகிறது, குழாய் கழன்றுவிட்டது. எட்டு அடி தூரம். கையுறையைக் கழற்றி, கைகளில் மருந்து திரவம் தடவி, அது உலரும் வரை தேய்க்க இருபது முப்பது விநாடி வேண்டும். அங்கே ஒருவர் மூச்சில்லாமல் கிடக்கிறார். அந்த எட்டு அடியில் என்ன நடக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கையுறை போட்டிருந்தால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அதே கையுறையோடு அடுத்த படுக்கைக்குப் போனால் கையுறை என் கையைத்தான் காப்பாற்றும், நோயாளியை அல்ல. ஒருவருக்கு ஒரு செவிலியர் என்று இருந்தால் இந்த ஓட்டமே இருக்காது. இருவருக்கு ஒருவர் என்றால்கூடச் சமாளிக்கலாம். நான்கு பேருக்கு ஒருவர் என்று விட்டுவிட்டுச் சுவரில் “கை கழுவுங்கள்” என்று படம் ஒட்டினால் என்ன பயன்? ஒரு பணிநேரத்தில் எத்தனை முறை தேய்க்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் நூறை நெருங்கும். என் விரல் கணுக்களில் தோல் வெடித்து, திரவம் பட்டால் சுரீர் என்று எரியும். அப்படியும் தேய்க்கிறோம்.

இன்னொரு வழி கழுவுதொட்டி. கை கழுவுவதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தையும் நோயாளிக்குத் துடைத்த தண்ணீரையும் ஊற்றுவார்கள். கீழே வளைந்த குழாயில் வழவழப்பான படலம் ஒன்று படிந்து, கிருமிகள் அதற்குள் குடித்தனம் நடத்தும். குழாயைத் திறந்ததும் நீர் நேராக வடிகாலில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கும். பக்கத்திலேயே மருந்து கலக்கும் மேசை இருக்கும்.

நுண்ணோக்கி எழுதியது:

செவிலியர் அம்மா எழுதியதைப் படித்ததும் ஒரு நிகழ்வு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனை இருக்கிறது. ஆராய்ச்சிக்கே பெயர் போன இடம். 2011 ஜூனில், மெரோபெனெம் போன்ற கார்பாபெனெம் வகை மருந்துகளுக்கு மடங்காத கிளெப்சியெல்லா உள்ள நோயாளி ஒருவர் வேறு ஊரிலிருந்து அங்கே மாற்றப்பட்டார். முதலிலேயே தெரிந்திருந்ததால் தனி அறை, தனி உடை என்று எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தார்கள். ஜூலையில் அவர் வீடு திரும்பினார். மூன்று வாரம் ஒன்றுமில்லை. தப்பித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். ஆகஸ்டில் இரண்டாவது நோயாளியிடம் அதே கிருமி. பிறகு வாரத்துக்கு ஒருவர் என்ற அளவில். முடிவில் 18 பேர், அவர்களில் 11 பேர் இறந்தார்கள், 6 இறப்புகளுக்கு அந்தக் கிருமியே காரணம் என்று கணித்தார்கள்.

கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துப் பார்த்தபோது எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து கிளைத்தவை என்று தெரிந்தது. சுத்தம் செய்து வைத்திருந்த வென்டிலேட்டரில் இருந்தது, கழுவுதொட்டி வடிகாலில் இருந்தது. இடையில் அந்த மூன்று வாரமும் கிருமி எங்கேயும் போய்விடவில்லை. சிலர் நோய் வராமலே குடலில் அதைச் சுமந்துகொண்டிருந்தார்கள். நோயுற்றவர்களை மட்டும் சோதித்தால் இந்த அமைதியான சங்கிலி கண்ணில் படாது.

ஆகவே தம்பி, உங்கள் அப்பா உள்ளே வரும்போதே குடலில் அதைச் சுமந்து வந்தாரா, வந்த பின் ஒட்டியதா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் நாளே ஆசனவாயில் பஞ்சுக்குச்சி தொட்டுச் சோதித்திருந்தால்தான் தெரியும். ஆனால் ஒன்பது நாள் மூச்சுக்குழாயில் ஒரு குழாய், கழுத்து இரத்தநாளத்தில் ஒன்று, சிறுநீர்ப் பையில் ஒன்று. ஒவ்வொன்றும் உடம்பின் காவலைத் தாண்டி உள்ளே போகும் பாதை. குழாயின் உள்சுவரில் கிருமிகள் படலம் கட்டிக்கொண்டால் மருந்தும் அவற்றை எளிதில் எட்டாது. பல வேளைகளில் குழாயை எடுப்பதே சிகிச்சையின் பாதி.

நேர்வழி எழுதியது:

அப்படியானால் இது மருத்துவமனையின் குற்றம்தானே? வீட்டில் இருந்திருந்தால் வந்திருக்காது. ஏன் எவரும் பொறுப்பேற்பதில்லை?

வார்டு மருத்துவர் எழுதியது:

குற்றம் என்ற சொல்லில் எனக்குத் தயக்கம், பொறுப்பு என்ற சொல்லில் தயக்கமே இல்லை. வென்டிலேட்டரில் கிடக்கும் ஒருவருக்குத் தொற்றே வராது என்று எந்த நாட்டிலும் யாராலும் உறுதி கூற முடியாது. ஆனால் “இதெல்லாம் தீவிர சிகிச்சையில் வரத்தான் செய்யும்” என்ற பேச்சையும் நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுச் சொச்சம் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து ஒரு முயற்சி செய்தன. பெரிய இரத்தநாளத்தில் குழாய் போடும்போது கை கழுவுவது, நோயாளியை முழுவதுமாக மூடுவது, தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, தொடையில் போடுவதைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் எடுத்துவிடுவது. இவ்வளவுதான். புது மருந்து ஏதும் இல்லை. படி ஒன்று தவறினால் மருத்துவரை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. குழாய் இருந்த 1,000 நாட்களுக்கு 2.7 என்றிருந்த இரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது.

செவிலியருக்கு அந்த அதிகாரம் கொடுத்ததுதான் அதில் என்னைத் தொட்ட பகுதி. நான் குழாய் போடும்போது ஒரு செவிலியர் “டாக்டர், உங்கள் முழங்கை துணிக்கு வெளியே பட்டது, கையுறையை மாற்றுங்கள்” என்று சொல்லக்கூடிய இடம் எதுவோ, அங்கே என் தாயைச் சேர்ப்பேன்.

உயிரியல் மாணவி எழுதியது:

ஒரு கேள்வி. மரபணு கிருமியிலிருந்து கிருமிக்குக் கைமாறுகிறது என்று அக்கா எழுதினார்கள். அந்த கிளெப்சியெல்லாவிடம் எந்த நொதி இருக்கிறது என்று பார்த்தார்களா? என்.டி.எம். வகைக்கு ஒரு மருந்து, கே.பி.சி. வகைக்கு வேறு மருந்து என்று வகுப்பில் படித்தோம்.

நுண்ணோக்கி எழுதியது:

மகளே, நல்ல கேள்வி. நானே கேட்டிருக்க வேண்டும்.

தம்பிக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாக்டீரியாவுக்கு அதன் முதன்மை மரபணுத் தொகுதியைத் தவிர, பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்களும் உண்டு. இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டி நின்று ஒன்று மற்றொன்றுக்கு இந்த வளையத்தின் படியைக் கொடுத்துவிடும். வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். ஒரே வளையத்தில் ஐந்தாறு மருந்துகளுக்கான எதிர்ப்பு இருந்தால் அத்தனையும் ஒரே முறையில் போய்ச் சேரும். இது பழைய வித்தை. பெனிசிலின் பரவலாகப் பயன்பாட்டுக்கு வரும் முன்பே, 1940இல், அதைச் சிதைக்கும் நொதி கண்டறியப்பட்டுவிட்டது. 30,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த மண்ணிலும் இத்தகைய மரபணுக்களைக் கண்டிருக்கிறார்கள். எதிர்ப்பை நாம் படைக்கவில்லை, அதற்கு இடம் விட்டுக் கொடுத்திருக்கிறோம்.

கார்பாபெனெமை வெட்டும் நொதிகளில் கே.பி.சி., ஆக்ஸா-48, என்.டி.எம். மூன்றும் முக்கியமானவை. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற மருந்து முதல் இரண்டுக்கும் பயன்படும். என்.டி.எம். துத்தநாகத்தை வைத்துக்கொண்டு வெட்டும் நொதி, அவிபாக்டமால் அதைத் தடுக்க முடியாது. ஆனால் அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தை என்.டி.எம். தொட முடியாது. சிக்கல் என்னவென்றால், என்.டி.எம். உள்ள கிருமி பெரும்பாலும் வேறு நொதிகளையும் கூட வைத்திருக்கும், அவை அஸ்ட்ரியோனத்தை வெட்டிவிடும். ஆகவே அஸ்ட்ரியோனத்தோடு அவிபாக்டமையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த வேறு நொதிகளை அவிபாக்டம் பிடித்துக்கொள்ள, அஸ்ட்ரியோனம் தன் வேலையைச் செய்யும். மருத்துவர்கள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். கொலிஸ்டின் 1970களில் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கிய மருந்து. வேறு வழி இல்லாதபோது திரும்ப எடுத்தோம். வேறு வழி இருந்தால் அதுவே நல்லது.

தம்பி, நாளை மருத்துவரிடம் “கார்பாபெனெமேஸ் வகை பார்த்தீர்களா?” என்று பணிவாகக் கேளுங்கள். கார்பாபெனெமை வெட்டும் அந்த நொதிகளின் பொதுப்பெயர் அது. மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை வசதி உள்ள இடத்தில் சில மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். இந்த மருந்தைப் போடுங்கள் என்று நீங்கள் வற்புறுத்த வேண்டாம். சிறுநீரகம், எடை, நோயின் நிலை எல்லாம் பார்த்து அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூத்தமகன் எழுதியது:

கேட்டேன். மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டே கேட்டேன். “அனுப்பியிருக்கிறோம், இன்று மாலை வரும்” என்றார். மாலையில் என்.டி.எம்., ஆக்ஸா-48 இரண்டும் இருப்பதாக வந்தது. செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் அஸ்ட்ரியோனமும் சேர்த்து ஆரம்பித்திருக்கிறார்கள். கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு வேறு பக்கம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். சித்தப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். முழுவதும் படித்தார். ஒன்றும் சொல்லாமல் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

கரையோரம் எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன். என் அம்மாவுக்கு வந்தது அசினெட்டோபேக்டர் என்ற வேறொரு கிருமி. இடுப்பு எலும்பு முறிவுக்காகச் சேர்த்தோம். எலும்பு கூடியது, அம்மா திரும்பவில்லை. இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று இருந்தது. எதிர்ப்புத்திறன் என்ற சொல்லை எவரும் எங்களிடம் சொல்லவே இல்லை. அறிக்கையைக்கூட நாங்கள் பிறகுதான் பார்த்தோம், அதிலும் இதே போல ‘ஆர்’ வரிசை. மூத்தமகன், உங்கள் அப்பா நலமாக வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வார்டு மருத்துவர் எழுதியது:

கரையோரம், உங்கள் அம்மாவுக்காக வருந்துகிறேன். நீங்கள் எழுதியது முக்கியமானது. பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமாக 2019இல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் சான்றிதழில் நிமோனியா, இரத்த நச்சு, அறுவைக்குப் பின் சிக்கல் என்று ஏதாவது ஒன்றுதான் இருந்திருக்கும். பெயர் எழுதாத சாவுக்காக எவரும் மருந்து தேடுவதில்லை.

தேடியவர்களும் நிலைக்கவில்லை. அக்காவோஜென் என்ற நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்துப் பிளாசோமைசின் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 2019 ஏப்ரலில் அந்த நிறுவனம் திவாலானது. புதிய ஆன்டிபயாடிக்கை முடிந்தவரை பயன்படுத்தாமல் காத்து வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். பயன்படுத்தாத மருந்தை விற்று எந்த நிறுவனம் பிழைக்கும்? விற்பனையோடு முடிச்சுப் போடாமல், மருந்து தயாராக இருப்பதற்கே ஆண்டுதோறும் பணம் கொடுக்கும் முறையைப் பிரிட்டன் தொடங்கியிருக்கிறது. மற்ற நாடுகளும் அந்த வழியில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூத்தமகன் எழுதியது:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஏழாம் நாள் வென்டிலேட்டரை எடுத்தார்கள். குரல் இன்னும் கரகரவென்றுதான் வருகிறது, முதலில் கேட்டது கண்ணாடி எங்கே என்று. அக்கா சொன்னதை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் “சிறுநீர்க் குழாய் இன்றும் தேவையா?” என்று கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது செவிலியர் மருத்துவரைப் பார்த்தார், மருத்துவர் “எடுத்துவிடலாம்” என்றார்.

நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆசனவாய்ச் சோதனையில் அந்தக் கிருமி குடலில் இன்னும் இருப்பதாக வந்திருக்கிறது. வீட்டில் என் மகளுக்கு மூன்று வயது. தாத்தா மடியில் உட்காரலாமா?

இரவுப்பணி எழுதியது:

தாராளமாக உட்காரட்டும், தம்பி. குடலில் இருப்பது நோய் அல்ல. நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தைக்கு மடியில் உட்காருவதால் ஆபத்து மிகக் குறைவு. கழிப்பறைக்குப் போய்வந்த பின்னும் சாப்பிடும் முன்னும் அப்பா சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அவருக்குத் துடைத்து உதவுபவர்களும் அப்படியே. துண்டு தனியாக இருக்கட்டும். தட்டு, தம்ளர், துணிகளை வழக்கம்போல் கழுவினால் போதும். குடலிலிருந்து அதை விரட்ட மருந்து கேட்காதீர்கள், அது உதவுவதில்லை. பல மாதங்களில் தானாகவே குறையும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இனி எதற்காக எந்த மருத்துவமனைக்குப் போனாலும், சேர்க்கும் நேரத்திலேயே இந்த அறிக்கையைக் காட்டுங்கள். தனி அறை தருவதற்கும் முதல் வேளையே சரியான மருந்து தொடங்குவதற்கும் அது வேண்டும். ஒதுக்கிவிடுவார்களோ என்று மறைக்காதீர்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரும் யாரோ ஒருவருக்கு அப்பாதான்.

மூத்தமகன் எழுதியது:

கோப்பின் முன்பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதிவிட்டேன்: “கிளெப்சியெல்லா நிமோனியே, என்.டி.எம்., ஆக்ஸா-48. சேர்க்கும்போதே செவிலியரிடம் சொல்லவும்.” கீழே தேதி போட்டிருக்கிறேன். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்து சிறியதாக இருக்கிறது, பெரிதாக எழுது என்றார். மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.